கோட்டுக்குள் மாமன் இல்லை

காலை ஆறு மணிக்குத் திறக்கும் ஷட்டில் கூடத்தின் வாசலில் மாப்பிள்ளை ஐந்தே முக்காலுக்கே வந்து நின்றிருந்தான்.

தராசுக்கு அது பிடிக்கவில்லை.

தராசு என்பது கூடத்தில் அவருக்கு வைத்த பெயர். கடைகளில் எடைக் கருவிகள் சரியாக இருக்கின்றனவா என்று சோதித்து முத்திரை வைப்பது அவர் உத்தியோகம். அதில் அவர் கற்றுக்கொண்டது ஒன்று. ஆய்வாளர் பக்கத்தில் நிற்கும்போது சரியாக நிறுப்பவனை விட்டுவிடலாம். ஒரு கை கூடுதலாக அள்ளிப் போடுகிறவனை விடக்கூடாது. ஆய்வாளர் தெருமுனை தாண்டியதும் அவன் குறைப்பான்.

சீக்கிரமே வந்து நிற்பது கூடுதல் எடை.

"வணக்கம் மாமா."

"வாங்க தம்பி. வந்து ரொம்ப நேரமாச்சா?"

"இல்ல மாமா, இப்பதான்."

தாண்டிப் போகிறவர்போல அவன் வண்டியின் என்ஜின்மேல் கை வைத்தார். ஆறியிருந்தது.

அவன் இன்னும் மாப்பிள்ளை ஆகவில்லை. மகள் தானே பார்த்து வைத்திருக்கிற ஆள். லிஃப்ட் பழுது பார்க்கும் கம்பெனியில் வேலை. நல்ல குடும்பம். கைசுத்தம். வீட்டுக்கு வந்தபோது செருப்பை ஜோடி சேர்த்து வைத்துவிட்டு உள்ளே வந்தான், எழுந்தபோது டம்ளரைத் தானே கொண்டுபோய் அடுக்களையில் வைத்தான். மனைவிக்கு அங்கேயே பிடித்துவிட்டது. தராசுக்கு அங்கேதான் சந்தேகம் தொடங்கியது.

"நீங்க வேணாம்னா நான் ஓடிப் போயிட மாட்டேன்பா," என்றாள் மகள். "ஆனா ஏன் வேணாம்னு சொல்லணும்."

தராசு அவகாசமாக ஒரு வாரம் கேட்டார். காலையில் அவன் தன்னோடு வந்து ஆடட்டும், சனிக்கிழமை பதில் சொல்கிறேன் என்றார்.

"கல்யாணத்துக்கு ஆள் பாக்கறீங்களா, கோப்பைக்கு ஆள் பாக்கறீங்களா?" என்றாள் மனைவி.

"சோஃபால உக்காந்திருக்கறப்போ எல்லாரும் நல்லவன்தான். மூச்சு வாங்கறப்போதான் ஆளு தெரியும்."

"அப்போ என்னை ஏன் ஓட விட்டுப் பாக்கல?"

"உங்கப்பா விடல."

விளையாட்டாகச் சொன்னாலும் அவர் அதை நம்பினார். இருபத்தைந்து வயதில் அவர் முன்கோபி. சிகரெட் வேறு. வாயைத் திறந்தால் பாதி பொய். திருத்தியது யார் என்று கேட்டால் இந்தக் கூடத்தைத்தான் காட்டுவார். அங்கே நடுவர் கிடையாது. இறகுப்பந்தை அங்கே எல்லோரும் காக் என்பார்கள். காக் எந்தப் பக்கம் விழுகிறதோ அந்தப் பக்கத்துக்காரர்தான் வாயைத் திறந்து சொல்ல வேண்டும், உள்ளே என்றோ வெளியே என்றோ. கோட்டில் பட்டால் உள்ளே. எதிராளி கேள்வி கேட்கக்கூடாது. தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்லும் பழக்கம் முதலில் கசந்தது. பிறகு நாக்கு அதற்குப் பழகிவிட்டது. பழகிய நாக்கு வெளியே போயும் வேறு மாதிரி பேச மறுத்தது. கடைக்காரர்கள் உறையை நீட்டும்போது அவர் கையைவிட நாக்குதான் முதலில் வேண்டாம் என்றது.

முதல் நாளே மாப்பிள்ளையிடம் சொல்லிவிட்டார்.

"ஒரு விஷயம் தம்பி. கோட்டுக்குள்ள மாமனும் கிடையாது, மச்சானும் கிடையாது. உள்ள வந்துட்டா சார்னு கூப்பிடுங்க. வெளிய வந்தப்புறம் மாமா."

மாப்பிள்ளை குனிந்து பார்த்தான். ஒரு கால் ஏற்கெனவே கோட்டைத் தாண்டியிருந்தது.

"சரி சார்."

ஓரத்தில் உட்கார்ந்து ஷூ கட்டிக்கொண்டிருந்த மருந்துக்கடைக்காரர் சத்தமாகச் சிரித்தார். தராசின் பழைய ஆட்டக்கூட்டாளி அவர். "மாப்ளே, பாத்து. இவர்கிட்ட தோத்தா தங்கம், ஜெயிச்சா பித்தளை."

அன்று மாப்பிள்ளை தோற்றான். மறுநாளும் தோற்றான். ஒவ்வொரு நாளும் இரண்டு மூன்று புள்ளி வித்தியாசம்தான். அதற்கு மேலும் போகவில்லை, கீழும் வரவில்லை.

தராசு கவனித்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு அடிக்குப் பிறகும் அவன் கோர்ட்டின் நடுவுக்குத் திரும்பினான். யாராவது சொல்லிக்கொடுத்தால் ஒழிய வராத கால் அது. மட்டையின் கைப்பிடியில் புதுத் துணி சுற்றியிருந்தான். ஆனால் நரம்புகள் நடுவில் மட்டும் தேய்ந்திருந்தன. கண்டபடி அடிக்கிறவன் மட்டை நடுவில் மட்டும் தேயாது. கை குலுக்கும்போது உள்ளங்கையில் காய்ப்பு உரசியது. ஸ்பேனர் பிடித்த காய்ப்பாகவும் இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம்.

எல்லோரும் அரைக்கால் சட்டையில் ஆடும்போது அவன் மட்டும் கணுக்கால்வரை பேண்ட் போட்டிருந்தான்.

"எங்க கத்துக்கிட்டீங்க?"

"ஸ்கூல்ல கொஞ்சம் சார்."

"கொஞ்சம்னா?"

"கொஞ்சம்தான் சார்."

இன்னொரு நாள் நேராகவே கேட்டார். "எனக்காக விட்டுக்கொடுக்கறீங்களா?"

மாப்பிள்ளை காக்கின் கலைந்த இறகை விரலால் நீவிக்கொண்டிருந்தான். "முட்டி ஒண்ணு பழசு சார். பாத்துப் பாத்துதான் ஓடணும்."

நன்றாக இருந்தது பதில். சரியான இடத்தில் சரியான பதில். தராசு அதை மனதில் மடித்து வைத்துக்கொண்டார். மாட்டிக்கொண்ட கடைக்காரனுக்கும் உடம்பில் ஏதாவது ஒன்று பழசாகத்தான் இருக்கும்.

காக் விழுந்த இடங்களை மாப்பிள்ளை ஒழுங்காகவே சொன்னான். தன் பக்கம் கோட்டில் உரசியதை எல்லாம் "உள்ள சார்" என்றான். ஒருமுறை தராசுக்கே சந்தேகமாக இருந்த ஒன்றைக்கூட உள்ளே என்றான்.

அதுவும் கூடுதல் எடை.

"நேத்து வெளிய போனதை உள்ளன்னு சொல்றான்," என்றார் வீட்டில்.

"அதுல உங்களுக்கு என்ன நஷ்டம்?" என்றாள் மனைவி.

"பொய் எனக்குச் சாதகமா இருந்தா மட்டும் உண்மையாயிடுமா?"

மகள் தட்டில் இருந்து நிமிர்ந்தாள். அவள் கண் மருத்துவமனையில் கண் பரிசோதிப்பவள். "அது வெளிய போச்சுன்னு உங்களுக்கு நிச்சயமாத் தெரியுமாப்பா?"

"என் கண்ணைப் பத்தி நீ கேக்கறியா?"

அவள் கேட்க முடியாது. போன மாதம் அவள்தான் அவரை நாற்காலியில் உட்காரவைத்து எழுத்துகளைப் படிக்கச் சொன்னாள். கடைசி வரிவரை கண்ணாடி இல்லாமல் படித்தார். இந்த வயசுக்கு இது அநியாயம் என்று சொன்னாள். அவர் அதைக் கூடத்தில் ஒரு வாரம் சொல்லிக்கொண்டிருந்தார். மருந்துக்கடைக்காரர்தான் கடைசியில் கையெடுத்துக் கும்பிட்டார்.

"அவர் நடிக்கறார்னு நினைக்கறீங்க," என்றாள் மகள்.

"நான் ஒண்ணும் நினைக்கல. பாத்துக்கிட்டிருக்கேன்."

"உங்களுக்கு ரெண்டும் ஒண்ணுதான்பா."

சனிக்கிழமைக்கு முந்தைய மாலை அவருக்கு அந்த யோசனை வந்தது. ஒரு பொய்க்கல்லை, எடை குறைந்த படிக்கல்லைப் போல, போட்டுப் பார்த்தால் என்ன? கோட்டில் விழுந்ததை வெளியே என்று ஒரே ஒருமுறை சொல்லிப் பார்ப்பது. எதிர்த்துக் கேட்டால் முதுகெலும்பு உள்ளவன். பெண்ணைக் கொடுக்கலாம். வாயை மூடி விழுங்கினால் வாரம் முழுக்க நடித்தவன். கொடுக்கக்கூடாது.

எந்தக் கடைக்கும் அவர் பையில் பொய்க்கல்லோடு போனதில்லை. இது கடை இல்லை என்று சொல்லிக்கொண்டார். மனைவியிடம் சொல்லவில்லை.

சனிக்கிழமை மகளும் வந்தாள். பெஞ்சில் உட்கார்ந்தாள். கூடத்தில் இருப்பது ஒரே பெஞ்சு. அன்று தராசு ஆடிய பக்கத்தின் பின்கோடு நீண்டுபோய் முடிகிற இடத்தில், அதன் நேர்முனையில் கிடந்தது. மருந்துக்கடைக்காரர் அவளுக்குப் பக்கத்தில் வியர்வைத் துண்டை விரித்து, "இன்னிக்குத் தீர்ப்பு. நீ யார் கட்சிம்மா?" என்றார்.

"நான் கோட்டுக்கு வெளிய இருக்கேன் அங்கிள்."

ஆட்டம் வழக்கம்போல ஒட்டிக்கொண்டே போனது. மாப்பிள்ளை வழக்கம்போல இரண்டு அடி ஓட வேண்டிய இடத்தில் ஒன்றரை அடி ஓடினான். இருவரும் பதினெட்டு. தராசு காத்திருந்தார்.

மாப்பிள்ளை உயரத் தூக்கி அடித்தான். காக் விளக்குக்கு மேலே போய் நின்று, தலைகீழாகத் திரும்பி, அவர் பின்னால் இறங்கியது. அவர் திரும்பிப் பார்த்தார். தக்கை பின்கோட்டின்மேல் விழுந்து, வெள்ளைப் பட்டையில் ஒருமுறை துள்ளிச் சாய்ந்தது.

"வெளிய," என்றார்.

நாக்கு ஒரு கணம் மறுத்தது. அவர் அதைத் தள்ளித்தான் சொன்னார்.

பக்கத்துக் கோர்ட்டில் யாரோ இருமினார்கள். மாப்பிள்ளை கோட்டைப் பார்த்தான். பிறகு அவரைப் பார்த்தான். வாரம் முழுக்க இல்லாத ஒரு பார்வை. கோபம் என்று சொல்ல முடியாது. எடை போடுகிற பார்வை.

"சரி மாமா," என்றான்.

அவன் நின்றிருந்தது கோட்டுக்கு உள்ளே.

தவறிச் சொல்லிவிட்டானா? ஒரு வாரமாக ஒருமுறைகூடத் தவறாதவன். மரியாதையா? குத்தலா? தராசு முகத்தைப் பார்த்தார். முகத்தில் எதுவும் எழுதியிருக்கவில்லை. சர்வீஸ் தனக்கு என்று அவன் காக்கைக் கேட்டுக் கை நீட்டவில்லை. எதிர்க்கவும் இல்லை, விழுங்கவும் இல்லை. அவர் வைத்திருந்த இரண்டு தட்டிலும் அந்தச் சொல் உட்காரவில்லை.

அவர் சர்வீஸ் போட்டார்.

பதில் வந்ததை அவர் பார்க்கவில்லை, கேட்டார். காக் அவருடைய இரண்டு பாதங்களுக்கு நடுவே தரையில் அறைந்து கிடந்தது. பத்தொன்பது சமம்.

அடுத்ததற்கு மாப்பிள்ளை முழு இரண்டு அடியும் ஓடினான். ஓடி, எட்டி, அவர் வயிற்றுக்கு நேராக அடித்தான். மட்டையைத் திருப்புவதற்குள் பட்டு விழுந்தது. மூன்றாவதற்குத் தரையிலிருந்து எழும்பினான். அவ்வளவு உயரத்தில் அவனை அவர் பார்த்ததே இல்லை. காக் கோர்ட்டின் நட்டநடுவில் இறங்கியது. எந்தக் கோட்டிலிருந்தும் எட்டாத தூரம். உள்ளே என்றோ வெளியே என்றோ யாரும் வாய் திறக்கத் தேவையில்லாத இடம். மூன்றும் அப்படித்தான் விழுந்திருந்தன என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது.

இருபத்தொன்றோடு ஆட்டத்தை முடித்து மாப்பிள்ளை கீழே இறங்கியது ஒரே காலில். இன்னொரு கால் மடங்கியது. மட்டையை ஊன்றி நின்றான்.

"அடேயப்பா," என்றார் மருந்துக்கடைக்காரர். "இத்தனையும் எங்கப்பா ஒளிச்சு வெச்சிருந்தே?"

அவன் தாங்கித் தாங்கி நடந்து பெஞ்சுக்கு வந்தான். மகள் எழுந்து இடம் விட்டாள். பேண்டை முட்டிக்கு மேல் சுருட்டி வலி மருந்தைப் பீய்ச்சினான். முட்டியைச் சுற்றி இரண்டு நீளத் தழும்புகள். தையல் போட்ட இடம் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிந்தது. முட்டி இப்போதே வீங்கத் தொடங்கியிருந்தது.

"என்னப்பா இது, கிழிஞ்ச சாக்கைத் தெச்ச மாதிரி?" மருந்துக்கடைக்காரரின் குரலில் இப்போது சிரிப்பு இல்லை.

"ரெண்டு ஆபரேஷன். அதோட மேட்ச் ஆடறதை விட்டுட்டேன். குதிக்காம ஆடினா ஒண்ணும் ஆகாதுன்னாங்க."

"அப்புறம் ஏன் குதிச்சே?"

மாப்பிள்ளை மருந்துப் புட்டியை மூடினான். மகள் அவனைப் பார்க்கவில்லை. பின்கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தராசு கோட்டைத் தாண்டி வெளியே வந்தார். ஏதாவது சொல்ல வேண்டும் என்று தோன்றியது. தோளில் கை வைக்கலாமா என்று பார்ப்பதற்குள் மாப்பிள்ளை எழுந்து, பையை மாட்டி, கை நீட்டினான்.

"நல்ல ஆட்டம். வரேன் சார்."

கோட்டுக்கு வெளியே நின்றுதான் சொன்னான்.

வாசல் படியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கினான். மருந்துக்கடைக்காரர் பின்னால் போய் வண்டியைத் தெருப்பக்கம் திருப்பி நிறுத்திக் கொடுத்தார். "பாத்துப் போப்பா" என்ற குரல் உள்ளேவரை கேட்டது.

காரை மகள் ஓட்டினாள். தராசு பக்கத்தில், மடியில் மட்டையோடு. இரண்டு சிக்னல் தாண்டினார்கள். அவன் அவளுக்கு ஏதாவது ஜாடை காட்டியிருப்பானோ என்று ஒரு நினைப்பு வந்தது. அவர் பார்த்துக்கொண்டேதான் இருந்தார். அவன் அவள் பக்கம் திரும்பவே இல்லை.

மூன்றாவது சிக்னலில் வண்டி நின்றது.

"எனக்குச் சம்மதம்மா," என்றார், அவள் கேட்பதற்கு முன்பே. "நல்ல பையன். அம்மாகிட்ட நானே சொல்லிடறேன். தேதிகூடச் சீக்கிரமே பாத்துடலாம்."

மகள் தலையைத் திருப்பி அவரைப் பார்த்தாள். வேலையில் இருக்கும்போது எதிர் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர்களின் கண்ணை அவள் அப்படித்தான் பார்ப்பாள்.

"நான் அதைக் கேக்கலப்பா. போன மாசம் கடைசி வரி வரைக்கும் படிச்சீங்க. நான்தானே டெஸ்ட் பண்ணேன். சொல்லுங்க, அது உள்ளயா, வெளியவா?"