மூடிய கதவுக்குள் எழும்பிய கோடு

பேராசிரியைக்குத் தலைக்கனம் என்று துறையில் பேசிக்கொள்வார்கள். இருந்துவிட்டுப் போகட்டுமே! கம்பியில்லாமல் வரும் செய்தியை வாங்கிக் கேட்கும் சிப்பை, அரிசிமணியை விடச் சின்னதாக வரைந்து முடித்தவளுக்கு அதுகூட இல்லாவிட்டால் எப்படி? காது மந்தமானவர்கள் மாட்டும் காதுக்கருவிக்குள் வைத்தால் பேட்டரியை உறிஞ்சாமல் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும் என்பது அவள் ஆசை.

பெற்ற தாயிடம் மட்டும் அந்தத் தலைக்கனம் செல்லுபடியாகவில்லை. மகள் போன் ரிப்பேர் செய்கிறாள் என்று அம்மா தெரு முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள். பெருமையாகத்தான் சொன்னாள், அதுதான் கொடுமை.

தொழிற்சாலையிலிருந்து சிப் வந்து சேர்ந்த அன்று, தானும் பார்க்க வேண்டும் என்று அம்மா அடம்பிடித்துக் கூடவே வந்துவிட்டாள். சோதனை அறை முழுக்கச் செம்புத் தகடு. வெளியிலிருந்து எந்த ரேடியோ அலையும் உள்ளே வரக்கூடாது. அதனால் போன்களை அணைத்துக் கூடையில் போட்டுவிட்டுத்தான் நுழைவது வழக்கம். அம்மாவை வாசலில் நாற்காலி போட்டு உட்காரவைத்துவிட்டு, பேராசிரியையும் அவளுடைய ஆராய்ச்சி மாணவியும் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள்.

எதையும் அனுப்பாமல், சிப்புக்கு மின்சாரம் மட்டும் கொடுத்தார்கள். திரை வெறுமையாக இருக்க வேண்டும். எங்கே! விட்டு விட்டு ஒரு கோடு எழும்பியது. பக்கத்திலிருந்த விலை உயர்ந்த அளவுக்கருவியோ, அறைக்குள் எந்த அலையுமே இல்லை என்று சாதித்தது. அப்படியானால் சிப் தானாகக் கத்துகிறது. தானே கத்துவது அடுத்தவர் பேச்சை எங்கே கேட்கப்போகிறது? இன்னொரு முறை செய்து வாங்க நிதி கிடையாது. வருடக்கணக்கான உழைப்பு, மாணவியின் பட்டம் எல்லாம் அம்போ. மாணவிக்குக் கண் கலங்கிவிட்டது.

திடீரென்று கோடு அடங்கியது. கொஞ்சம் பொறுத்துத் திரும்பவும் வந்தது. சிப்பை யாரும் தொடவேயில்லையே என்று பேராசிரியை கதவைத் திறந்து பார்த்தாள். தண்ணீர் குடிக்கப் போயிருந்த அம்மா அப்போதுதான் வந்து உட்கார்ந்திருந்தாள். காது மந்தமான அவள் காதில் காதுக்கருவி, மடியில் பை, பைக்குள் போன். கருவியும் போனும் கம்பியில்லாமல் ஓயாமல் ஒன்றோடொன்று பேசிக்கொள்பவை. அம்மாவின் போனைக் கூடையில் போட வேண்டும் என்று இரண்டு படித்த மண்டைகளுக்கும் தோன்றவில்லை. போதாக்குறைக்கு, கதவிடுக்கில் ஒரு கேபிள் சிக்கி, கதவு சரியாகப் பொருந்தாமல் கிடந்தது.

அம்மாவிடம் சொல்லி இரண்டையும் அணைக்கவைத்து, கேபிளை எடுக்காமல் கதவை அப்படியே சாத்திப் பார்த்தார்கள். கோடு இல்லை. கதவைத் திறந்து சைகை காட்டி, திரும்பப் போடவைத்துச் சாத்தினார்கள். கோடு வந்தது. அளவுக்கருவி அப்போதும் ஒன்றும் இல்லை என்றே சொன்னது.

"மேடம், அப்போ சிப்புல தப்பே இல்ல" என்றாள் மாணவி.

"தப்பா? அவ்ளோ பெரிய கருவிக்குக் கேக்காதது இதுக்குக் கேக்குதுடி" என்றாள் பேராசிரியை.

வீடு திரும்பும் வழியெல்லாம் பேராசிரியை அம்மாவுக்கு விளக்கிக்கொண்டே வந்தாள். அம்மா உம் கொட்டிக்கொண்டே நடந்தாள். தெருமுனையில் பக்கத்து வீட்டுக்காரி மறித்தாள். தன் போன் சார்ஜ் ஏறமாட்டேன் என்கிறது, மகளிடம் கொடுத்துச் சரி பண்ணித் தர முடியுமா என்று கேட்டாள்.

அம்மா நிமிர்ந்து நின்றாள்.

"ரிப்பேருக்கு வேற ஆளப் பாரும்மா. எம் பொண்ணு இல்லாதத உண்டாக்குறவ."

அத்தனை தலைக்கனம் பிடித்தவள், அம்மாவின் பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டு, கண்ணைத் துடைத்தபடி பின்னாலேயே நடந்தாள்.