கோழிக்கூட்டின் மேல் கொசுவலை

1

இந்தக் கதை என் நாத்தனார் எனக்குக் கொடுத்த தண்டனை. ஊரில் உள்ளவர்களைப் பற்றியெல்லாம் எழுதுகிறேனாம், அவளைப் பற்றி எழுதினால் மட்டும் கை வலிக்கிறதாம்.

'கண்டங்களைக் கடந்த அறிவுப் பாலம்' என்று தொடங்கினேன். எனக்கே கொட்டாவி வந்தது. 'அவள் கணினியைத் திறந்தபோது வானம்...' வானத்துக்கு இங்கே என்ன வேலை?

நேராகவே சொல்கிறேன். அவள் பொதுச் சுகாதார ஆய்வாளர், துறைக்குப் புதிது. பல நாட்டு இளம் ஆய்வாளர்களுக்கு வெளிநாட்டு வழிகாட்டி ஒருவரை இணைத்துவிடும் பயிற்சியில் ஓராண்டு முடித்திருந்தாள். இன்னும் இரண்டாண்டு நீட்டித்தால் ஆய்வு தொடரும். இல்லையென்றால் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

2

வழிகாட்டியை வீட்டில் கண்ணாடிக்காரர் என்போம். திரையில் பாதி நேரம் தலைமேல் இருக்கும் கண்ணாடியை மேசையில் தேடுவார். (முதல் வரைவில் அவரை வில்லனாக்கிப் பார்த்தேன். ஒட்டவில்லை. மனிதர் தங்கம்.) புதன்தோறும் அவள் எழுதியதைச் சிவப்பில் திருத்தி அனுப்புவார். இவள் ஒரே சொடுக்கில் எல்லாவற்றையும் ஏற்றுக்கொள்வாள். படித்துப் பார்த்து ஏற்றால் அவரைச் சந்தேகிப்பதாகுமாம். அது அவள் கட்சி.

3

நீட்டிப்புக்கான இணையவழி நேர்காணலுக்கு இரண்டு மணி நேரம் முன்பு சாப்பாட்டு மேசையில் ஒத்திகை. நானும் என் கணவரும் தேர்வுக் குழு. இலவசக் கொசுவலை வாங்கிய இருநூற்றுப் பன்னிரண்டு வீடுகளில் பாதிக்கு மேல், வலை குழந்தையின் படுக்கைமேல் இருந்தது என்று படித்தவள், அப்படியே நின்றுவிட்டாள்.

அவள் எழுதியிருந்தது கோழிக்கூடு. வீடு வீடாகப் போய்க் கண்ணால் பார்த்தது. கைதவறி எழுதிவிட்டாள் என்று நினைத்துக் கண்ணாடிக்காரர் மாற்றியிருக்கிறார். ஒரே திருத்தத்தில், தோற்றுப்போன திட்டம் வெற்றி பெற்றுவிட்டது.

(பிழையைக் கண்டுபிடித்தது நான் என்று எழுதியிருந்தேன். நாத்தனார் அந்த வரியை அடித்துவிட்டாள்.)

உண்மையான தேர்வுக் குழுவில் கண்ணாடிக்காரரும் இருப்பார். சொன்னால் அவர் மானம் கப்பலேறும். அவர் பரிந்துரையும் கூடவே ஏறிப் போய்விடலாம். இப்போதைக்கு விடு, பிறகு திருத்திக்கொள்ளலாம் என்றார் என் கணவர். அவள் அண்ணனை ஒரு பார்வை பார்த்தாள். அவர் காப்பி போட எழுந்து போய்விட்டார்.

4

முடிவு ஒன்று: அவள் வாயைத் திறக்கவில்லை. (இதற்குமேல் என் கை ஓடவில்லை.)

முடிவு இரண்டு: அவர் கோபத்தில் திரையை அணைத்து... சேச்சே.

நடந்தது இது. கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன், வெட்கமில்லை. (அவர்கள் பேசிய மொழி வேறு, தமிழாக்கியது நான்.)

"இந்த வரி தப்பு. வலை கோழிக்கூட்டு மேலதான் இருந்துச்சு. திருத்தத்தை நான் படிக்காமலே ஏத்துக்கிட்டேன்."

நான் காதைக் கதவோடு ஒட்டிக்கொண்டேன். கண்ணாடிக்காரர் குரல் வந்தது.

"திருத்தினது நான்தான். நான் அந்த வீடுகளப் பாத்ததில்ல. நீதான் பாத்திருக்க. கோழிக்கு ஏன் கட்டினாங்க, சொல்லு."

அந்த ஒற்றை அறைகளில் படுக்கைமேல் வலை மாட்ட ஒரு கொக்கிக்குக்கூட இடமில்லை என்று அவள் விளக்கினாள். பதினைந்து நிமிட நேர்காணல் ஒரு மணி நேரம் ஓடியது. நான் கதவுக்குப் பின்னால் அழுதேன், சந்தோஷத்தில்தான்.

5

இன்று காலை முடிவுக் கடிதம் மின்னஞ்சலில் வந்துவிட்டது. அவள் இன்னும் திறக்கவில்லை. நேற்று கண்ணாடிக்காரர் தன்னுடைய புதுக் கட்டுரையை, தயவு தாட்சண்யம் பார்க்காமல் திருத்தித் தரச்சொல்லி அனுப்பியிருக்கிறார்.

கடிதத்தைத் திறக்கச் சொல்லிக் கெஞ்சினேன், என் கதைக்கு முடிவு வேண்டாமா?

"இருங்க அண்ணி, மூணாம் பக்கத்துல மனுஷன் ஒரு தப்புப் பண்ணியிருக்கார்."

அவசரப்படுகிறவர்கள் கடிதத்தை நீங்களே திறந்துகொள்ளுங்கள். நான் நாற்காலியை இழுத்துப் போட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன். அது என்ன தப்பு என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும்.