சூட்டுக் கொப்புளம்

குணாளன் என்னைக் கையால் அடிக்கவில்லை. தொட்டால் ஒட்டிக்கொள்ளுமாம். அதனால் வாசலில் கழற்றி வைத்த ஹெல்மெட்டை எடுத்து வந்து அடித்தான். முதல் அடி தோளில் விழுந்தது, அடுத்தது இடது புருவத்தில். புருவம் கிழிந்தால் இவ்வளவு ரத்தம் வரும் என்று எனக்கு அன்றுவரை தெரியாது. கண்ணுக்குள் இறங்கி, கன்னத்தில் வழிந்து, பேக்டரி சட்டையின் காலர் முழுக்க ஊறியது. நாளைக்கு வேலைக்குப் போட இன்னொரு சட்டை காயவில்லையே என்று நினைத்தேன். புருஷன் அடிக்கும்போது துணிக்கொடியைப் பற்றி யோசிக்கிற புத்தி எனக்கு.

"எவன்டி அவன்? பேரச் சொல்லு!"

சில நாட்களாகக் காய்ச்சல். ஒன்றுக்குப் போனால் உயிர் போகிற எரிச்சல். வெளியே சொல்ல முடியாத இடத்தில் கொத்தாகக் கொப்புளம். அன்று காலை கவர்மென்ட் கிளினிக்கில் டாக்டரம்மா பார்த்ததுமே ஹெர்பிஸ் என்றார். பஞ்சுக் குச்சியால் தடவி எடுத்துக்கொண்டு, எந்த வகை என்று டெஸ்ட் வந்ததும் சொல்கிறேன், மாத்திரையை விடாதீர்கள், வீட்டுக்காரரிடமும் சொல்லுங்கள் என்றார். சொன்னேன். தப்பு செய்யாதவளுக்கு என்ன பயம் என்று ஒளிக்காமல் சொன்னேன். அவன் போனில் அந்தப் பெயரைத் தேடினான். கெட்ட நடத்தையால் வரும் நோய் என்று எங்கேயோ போட்டிருந்ததாம். அதற்கு மேல் படிக்கவில்லை. படிக்கிற கை ஹெல்மெட்டுக்குப் போய்விட்டது.

சத்தம் கேட்டு அவன் அம்மா ராஜம்மா அடுப்படியிலிருந்து ஓடி வந்தார். என்னைப் பார்த்தார், தரையில் சொட்டிய ரத்தத்தைப் பார்த்தார். பிறகு மகனின் வாயைப் பார்த்தார்.

"விடுய்யா, ஏற்கனவே ஒனக்கு ஒடம்பு சூடு. இந்த நாறச் சிறுக்கிய அடிச்சு இன்னும் சூடு ஏத்திக்காத" என்று அவன் கீழுதட்டோரம் பழுத்திருந்த கொப்புளத்தில் நெய் தடவினார். தினமும் மோட்டார் சைக்கிளில் எல்லை தாண்டிச் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய்வருகிறவன். எல்லைப் பாலத்து நெரிசலில் வெயிலில் காய்ந்து, மழையில் நனைந்து, தூக்கம் கெட்டால் அவனுக்கு அந்தக் கொப்புளம் வந்துவிடும். சின்னப் பிள்ளையிலிருந்தே வருவதாம். சூட்டுக் கொப்புளம் என்பார் அத்தை. இளநீர் வாங்கிக் கொடுப்பார். எனக்கு முகம் துடைக்க ஒரு துணி தரவில்லை.

வாடகைக் கார் பிடித்துத் தம்போய்க்குப் போனேன். அங்கே அண்ணன் லோகேஸ்வரன் கார் ரிப்பேர் கடை வைத்திருக்கிறான். அப்பா அம்மா போன பிறகு எனக்கு இருக்கிற ஒரே ஆள். என் முகத்தைப் பார்த்ததும் ஸ்பேனரைக் கீழே போட்டான். அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். கட்டிக்கொள்வான் என்று நினைத்தேன்.

"மொதல்ல எங்கிட்ட உண்மையச் சொல்லு. யார் கூட?"

"யார் கூடயும் இல்லண்ணே. சத்தியமா."

அறைந்தான். அடிபடாத பக்கத்துக் கன்னமாகப் பார்த்துத்தான் அறைந்தான், பாசக்காரன். பிறகு என்னை வேனில் ஏற்றிக்கொண்டு தெப்ராவில் இருக்கும் குணாளன் வீட்டுக்குப் போனான். குணாளன் கேட்டைத் திறந்துகொண்டு வந்து "ஒந் தங்கச்சி" என்று ஆரம்பித்தான். முடிக்கவில்லை. அண்ணனின் குத்து நேராக அந்த உதட்டில் விழுந்தது. கொப்புளமும் உதடும் சேர்ந்து கிழிந்தன. விழுந்தவனைச் சட்டையைப் பிடித்துத் தூக்கி மறுபடி அதே இடத்தில் குத்தினான். ஒரு பல் ஆடியது. அந்தப் பல்லில் பட்டு அண்ணனின் ஆள்காட்டி விரலும் கிழிந்தது.

"எங்க வீட்டுப் பொண்ண அடிக்க நீ யாருடா? அடிக்கணும்னா நான் அடிப்பேன்!"

இதைக் கேட்டுக்கொண்டு வேனில் உட்கார்ந்திருந்தேன். எனக்காக ஒருவன் சண்டை போடுகிறான் என்று சந்தோஷப்படக்கூட விடவில்லை.

புருவத்தில் தையல். ஒரு வாரம் அண்ணன் வீட்டில் இருந்தேன். கிளினிக்கில் கூப்பிட்டார்கள்.

"இதுல ரெண்டு டைப் இருக்கும்மா" என்றார் டாக்டரம்மா. "ஒன்னாவது பெரும்பாலும் வாயில வரும். கொழந்தையில யாராச்சும் முத்தம் குடுத்தாக்கூட ஒட்டிக்கும். ரெண்டாவது பெரும்பாலும் கீழ. ஆனா வாயில இருக்கற ஒன்னாவது கீழயும் தொத்தும். ஒங்களுக்கு வந்துருக்கறது ஒன்னாவது. வீட்டுக்காரருக்கு ஒதட்டுல புண்ணு வருமா?"

சிரித்துவிட்டேன். தையல் இழுத்தது.

"யார் குடுத்தா, எப்பக் குடுத்தான்னு டெஸ்ட் சொல்லாதும்மா. நரம்புல வருசக்கணக்கா சும்மா படுத்திருக்கும். ரெண்டாவதா இருந்தாக்கூட அத வச்சு ஒருத்தர் மேல பழி போட முடியாது" என்றவர் என் புருவத்தையே பார்த்தார். "போலீஸ்ல சொன்னீங்களா?"

மாத்திரைச் சீட்டை மடித்துக்கொண்டு எழுந்தேன். வீட்டுக்கு வந்து அண்ணனிடம் டாக்டரம்மா சொன்னதை ஒன்று விடாமல் சொன்னேன். அவன் சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டான். "டாக்டருங்க குடும்பம் பிரியக்கூடாதுன்னு ஆயிரம் சொல்லுவாங்க லா" என்றான். சோறு பிசைந்த கையில் அந்த ஆள்காட்டி விரல் சிவந்து வீங்கியிருந்தது.

ரெண்டு நாளில் அந்த விரலில் கொத்தாகக் கொப்புளம் கிளம்பியது. ராத்திரியெல்லாம் முனகினான். ஊசியால் குத்தப் போனவனை நான்தான் தடுத்துக் கிளினிக்குக்கு அனுப்பினேன். மத்தியானம் விரலில் கட்டோடு வந்து, என் முகத்தைப் பார்க்காமல் நாற்காலி நுனியில் உட்கார்ந்தான்.

"இந்தக் கையால என்ன செஞ்சீங்கன்னு கேட்டாங்க. ஒருத்தன் வாயில குத்துனேன்னு சொன்னேன். அவருக்கு ஒதட்டுல புண்ணு இருந்துச்சான்னாங்க." விரல் கட்டைத் தடவினான். "அதேதானாம். ஒனக்கு வந்த அதே ஒன்னாவதுதான் இருக்கும்னாங்க. குணாளனுக்கும் போன் பண்ணிச் சொல்லிட்டேன்."

நான் சொன்னேன், நம்பவில்லை. டாக்டர் சொன்னார், நம்பவில்லை. தன் விரல் சொன்னதும் நம்பிவிட்டான். அவன் எதிரே போய் நின்றேன்.

"மொதல்ல எங்கிட்ட உண்மையச் சொல்லுண்ணே. யார் கூட?"

நிமிர்ந்து பார்த்தான். கட்டுப் போட்ட விரலை மடியில் ஒளித்துக்கொண்டான்.

வெளியே மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. குணாளன். புது ஹெல்மெட் போட்டிருந்தான். உதட்டில் காய்ந்த தழும்பு. கேட்டுக்கு வெளியே நின்றபடி, "சரி, ஆனது ஆச்சு. தெரியாம நடந்து போச்சு. வா, வீட்டுக்குப் போலாம். அம்மா சமைச்சு வச்சிருக்காங்க" என்றான்.

அண்ணன் என் பின்னால் எழுந்து வந்தான். பழக்கத்தில் முஷ்டியை மடக்கினான். கட்டுப் போட்ட விரல் மட்டும் மடங்காமல் நீட்டிக்கொண்டு நின்றது.

பின்னால் உட்கார்ந்து வர எனக்கென்று குணாளன் பழைய ஹெல்மெட்டைக் கேட்டுக்கு மேலாக நீட்டினான். துடைத்திருந்தார்கள். ஆனால் விளிம்பு ரப்பரின் இடுக்கில் கருப்பாக என் ரத்தம் காய்ந்து கிடந்தது. ரெண்டு கையாலும் வாங்கினேன். நினைத்ததைவிடக் கனமாக இருந்தது. கேட்டின் பூட்டை இன்னும் யாரும் திறக்கவில்லை. குணாளன் தன் ஹெல்மெட்டைக் கழற்றி, வியர்த்த தலையைத் துடைத்துக்கொண்டிருந்தான்.