முழங்காலளவு மழை

மெல்பேர்னிலிருந்து காரில் ஐந்து மணித்தியாலம் வடமேற்கே, விலைக்கு வந்திருந்த அந்தக் காணியில் மழை பெய்யும், ஆனால் நிலத்தைத் தொடாது. முழங்காலளவு உயரம்வரை இறங்கிவந்து, வடக்கே திரும்பி, வேலியைத் தாண்டி அடுத்த பாதாம் தோட்டத்துக்குள் போய்விடும். அங்கே மரங்கள் கொழுத்து நின்றன. இங்கே செம்மண் பொரிந்துபோய்க் கிடந்தது. அந்த ஊரில் இதை யாரும் பெரிய விசயமாகப் பேசுவதில்லை. காணியின் பழைய சொந்தக்காரர் ஒரு வறட்சி வருடத்தில் தண்ணீர் உரிமையைத் தனியே பாதாம் கம்பனிக்கு விற்றுவிட்டார், தண்ணீர் தன் சொந்தக்காரரிடம் போகிறது என்றார் காணித் தரகர். வீட்டுக்குக் கராஜ் இல்லை என்று சொல்லும் அதே குரலில் சொன்னார்.

மெல்பேர்னின் புறநகரான வெரிபீயிலிருந்து காணி பார்க்க வந்திருந்த யோகாவுக்கும் அவள் கணவன் சிறிக்கும் இது மூன்றாவது பயணம். வெரிபீ வீட்டில் சமைக்கும்போது குசினி ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டுச் சுவரில் கை இடிக்கும். ஓய்வுக்குப் பிறகாவது கை காலை நீட்டித் தோட்டம் செய்து சீவிக்க வேண்டும் என்று இரண்டு பேரும் முடிவெடுத்திருந்தார்கள். சிறி எதையும் சோதிக்காமல் விடாத மனுசன். மூலைக்கு மூலை கிண்டி மண்ணைப் போத்தலில் கரைத்துப் பார்த்தான். குழாய்க்கிணற்றுத் தண்ணீரை வாயில் விட்டுத் துப்பினான், அது கடலை விட உப்பு. ஆஸ்பத்திரி எவ்வளவு தூரம், காட்டுத்தீ எந்தப் பக்கத்தால் வரும், போன் எங்கே எடுக்கும் என்பதெல்லாம் பார்த்தாயிற்று. தண்ணீர் யாருக்குச் சொந்தம் என்ற ஒன்றைத்தான் யோகா கேட்காமல் விட்டிருந்தாள். யாழ்ப்பாணத்தில் காணி உறுதி எழுதினால் கிணற்றில் பங்கும் வாய்க்கால் உரிமையும் சேர்த்தே எழுதுவார்கள். காணியை ஒருவருக்கும் அதன் தண்ணீரை இன்னொருவருக்கும் விற்கலாம் என்பது அவள் கனவிலும் நினையாதது.

அன்று காருக்குள் இருந்தபடியே தரகரோடு சேர்த்து மூன்று பேரும் மழை வேலி தாண்டிப் போவதைப் பார்த்தார்கள்.

"சரிவராதப்பா, விடு. வேறை இடம் பாப்பம்," என்றான் சிறி.

"காணி எங்களுக்கு, மழை அவைக்கோ? இது எந்த ஊர் நியாயம்?"

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வரத்தான் செய்யும். யுத்த காலத்தில் அவள் தகப்பனின் காணியை வேலி போட்டுப் பிடித்தவர்கள் அவருடைய கிணற்றில் இறைத்து வெங்காயம் வைத்தார்கள். அந்த வெங்காயத்தை அவர் தெருவோரக் கடையில் விலை கொடுத்து வாங்கினார். பேசாமல் வாங்கினார் என்பதைத்தான் யோகாவால் இன்றுவரை பொறுக்க முடியவில்லை. இந்தக் காணியையும் பேசாமல் விட்டுவிட்டுப் போனால் தானும் அவரைப்போலத்தான் என்று அவளுக்குப் பட்டது. கார்க் கதவை அறைந்து சாத்திவிட்டு இறங்கிப் போய்க் காணியின் நடுவில் நின்றாள்.

மழை அவளை நனைத்தது. முழங்காலுக்குக் கீழே வழக்கம்போல வடக்கே திரும்பியது. ஆனால் அவள் தலைமயிராலும் உடுப்பாலும் வடிந்த தண்ணீர் எங்கேயும் திரும்பாமல் நேரே மண்ணில் விழுந்தது. காலடியில் செம்மண் கறுத்து ஈரமானது. தரகர் தன் தாள்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு, ஆளில் பட்ட தண்ணீரைப் பற்றி விற்பனைப் பத்திரத்தில் ஒன்றும் எழுதவில்லை என்றார்.

"துடைக்கத் துவாய் ஏதும் கொண்டு வந்தனியோ?" என்று சிறி கேட்டான். அதை அவள் சம்மதமாக எடுத்துக்கொண்டாள்.

அவர்கள் அங்கே குடியேறி இப்போது ஆறு வருடம். முதல் வருடம் இரண்டு பேரும் மாறி மாறி நின்று ஒரு கத்தரிப் பாத்தியைக் காப்பாற்றினார்கள், இருவருக்கும் தடிமனும் தும்மலும் விட்டபாடில்லை. கம்பனியின் வக்கீல்கள் மழையில் நிற்கக் கூடாது என்று எழுதினார்கள். விசாரிக்க வந்த அதிகாரி குடை கொண்டுவரவில்லை. அவரில் வடிந்ததில் அந்த மாதம் வெண்டி காய்த்தது. இப்போது மழை வரும் என்று வானிலை அறிக்கை சொன்னால் முதல்நாளே வெரிபீயிலுள்ள தெரிந்தவர்களுக்குச் செய்தி போகும், கார்கள் வரும், ஆளுக்கொரு பாத்தியில் நிற்பார்கள். அவர்களில் மோகனதாஸ் அங்கிளின் பெருத்த வண்டி வயிற்றுக்கு இரண்டு பாத்தி நனையும் என்பதால் அவருக்குப் பூசணி ஒதுக்கப்பட்டிருக்கிறது. வீதியால் போகும் வெள்ளைக்கார விவசாயிகள் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலைத் தூக்கி வணக்கம் சொல்லிவிட்டுப் போகிறார்கள்.

யோகாவின் கோபம் மட்டும் இன்னும் ஆறவில்லை. நல்ல விளைச்சல்தானே, பிறகென்ன என்று கேட்பவர்களோடு அவள் கதைப்பதில்லை. "எங்கட காணிக்கு மழை வர நாங்கள் ஏன் நனைய வேணும்?" என்று ஒவ்வொரு முறையும் கேட்டுக்கொண்டேதான் அவள் போய் மிளகாய்ப் பாத்தியில் நிற்கிறாள்.