சுடாத கல்

கொளஞ்சியப்பன் முழங்கை வரைக்கும் சோப்புப் போட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தார். தெருவில் மேளக்காரர்கள் சருகைக் கொளுத்தித் தோலைக் காய வைத்துக்கொண்டிருந்தார்கள். கூடத்துப் பெஞ்சில் அவர் பெண்டாட்டி விருத்தாம்பாள் கிடந்தாள். விடிகிற நேரத்தில் டீ கேட்டாள். போட்டு எடுத்து வருவதற்குள் போய்விட்டாள்.

"இன்னா பெரியவரே பண்றீங்க?" என்று கேட்டாள் அடுத்த வீட்டு இருசம்மாள்.

"கால் கட்டு மாத்தணும்."

"செத்தவளுக்கு இன்னாத்துக்குக் கட்டு?"

"நேத்தே மாத்திருக்கணும். அவதான் அசதியா இருக்கு, நாளைக்குப் பாத்துக்கலாம்னா."

குளிப்பாட்டும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று இருசம்மாள் அவரை நகர்த்தி உட்கார வைத்தாள். நெஞ்சு நின்றுபோய்விட்டது என்று வந்து பார்த்த டாக்டர் சொல்லியிருந்தார். ஆனால் கடலூர் முதுநகரில் அந்தத் தெருவே, புண்தான் அவளைத் தின்றுவிட்டது என்று பேசிக்கொண்டிருந்தது. கொளஞ்சியப்பன் காதிலும் அது விழுந்தது. தெருவில் போய்ச் சண்டை போடுகிற தெம்பு அவருக்கு இல்லை. அவருக்கு வேண்டியது ஒன்றுதான். அவளை நாலு பொம்பளைகள் தொட்டுக் குளிப்பாட்டி அனுப்ப வேண்டும்.

குறிஞ்சிப்பாடியிலிருந்து தேவநாதனும் அவன் பெண்டாட்டி மங்கலமும் உச்சி வேளைக்கு வந்தார்கள். தேவநாதன் விருத்தாம்பாளின் தம்பி. அக்காவுக்குப் பிறந்த வீட்டுக் கோடிப் புடவை கொண்டுவந்திருந்தான். மங்கலம் படியேறவில்லை. வாசல் பந்தக்காலைப் பிடித்துக்கொண்டு, முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு அழுதாள். அழுகைக்குப் பொத்தினாளா, நாற்றத்துக்குப் பொத்தினாளா என்று கொளஞ்சியப்பன் பார்த்துக்கொண்டே நின்றார்.

இதே மங்கலம்தான் விருத்தாம்பாளின் காலில் முதலில் விழுந்தவள்.

அது சிதம்பரத்தில், ஆனித் திருமஞ்சனத்தன்று. நடு மத்தியானம். பிராகாரத்துக் கல் தோசைக்கல்லாய்க் காய்ந்து கிடந்தது. ஜனங்கள் எம்பி எம்பிக் குதித்து நிழலுக்கு ஓடினார்கள். விருத்தாம்பாள் மட்டும் கோலம் போட்ட தரையில் நடப்பது போல மெதுவாக நடந்து வந்தாள். "அண்ணி, ஒனக்குச் சுடலியா?" என்று மங்கலம் கத்தினாள். "இல்லியே, சில்லுனு இல்ல இருக்குது" என்றாள் விருத்தாம்பாள். அவ்வளவுதான். மங்கலம் அந்தக் கல்லிலேயே நெடுஞ்சாண்கிடையாக விழுந்தாள். குறிஞ்சிப்பாடி வரைக்கும் சேதி போயிற்று. அண்ணிக்குச் சாமி அருள் வந்துவிட்டது என்று வந்து வந்து காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். ரேஷன் கடைத் தராசையும் நம்பாத கொளஞ்சியப்பன், அதை மட்டும் நம்பினார். கட்டியவள் சாமிக்கு வேண்டியவள் என்றால் யாருக்குத்தான் கசக்கும்?

அந்தக் கல்லில் நடந்த காலில் வந்த கொப்புளம் உடைந்து, புண்ணாகி, சீழ் வைத்த பிறகுதான் சிதம்பரத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். டாக்டர் ஒரு தூண்டில் நரம்பு மாதிரி எதையோ வைத்து அவள் உள்ளங்காலில் குத்திக் குத்திக் கேட்டார். எந்தக் குத்தும் அவளுக்குத் தெரியவில்லை. சர்க்கரை ஏறி ஏறிக் கால் மரத்துப் போயிருக்கிறது, கல் நன்றாகத்தான் சுட்டிருக்கிறது என்றார். வெளியே வந்ததும் விருத்தாம்பாள் கொளஞ்சியப்பன் கையைப் பிடித்துக்கொண்டாள். "இத ஊர்ல யார்கிட்டயும் சொல்லாத. கால்ல வுழுந்ததுங்க எல்லாம் கைகொட்டிச் சிரிக்குங்க." அவர் சொல்லவில்லை.

நர்ஸ் பிரிசில்லா கட்டுப் போட்டு, அடுத்த வாரம் வரும்வரை பிரிக்கக் கூடாது என்று சொல்லி அனுப்பினாள். கொளஞ்சியப்பனுக்கு அது பொறுக்கவில்லை. மூடி வைத்தால் உள்ளே என்ன நடக்கிறதென்று யார் கண்டது? பஸ் ஸ்டாண்டு பெஞ்சில் வைத்தே பிரித்துப் பார்த்தார். ஈ மொய்த்தது. வேட்டி நுனியால் விரட்டிவிட்டு, அதே துணியைத் திருப்பிச் சுற்றினார். வீட்டுக்கு வந்து மஞ்சளும் வேப்பிலையும் அரைத்து அப்பினார். அடுத்த வாரம் போனபோது வலது கால் கட்டைவிரல் கறுத்திருந்தது. அதை எடுத்துவிட்டார்கள். "காலே போயிருக்கும் பெரியவரே" என்றாள் பிரிசில்லா. வேறொன்றும் கேட்கவில்லை. யார் பிரித்தது என்று அவள் கேட்டிருந்தால் அவருக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

அதற்குப் பிறகு அவள் சொன்ன எதையும் அவர் தாண்டவில்லை. அவர் கற்றுக்கொண்டு செய்யலாம் என்று அவளே சொன்ன பிறகுதான் கட்டுப் போடக் கை வைத்தார். சோப்பு, உப்புத்தண்ணி பாட்டில், கட்டுப் போடும் காஸ் துணி. புண் கீழே அழுந்தாத செருப்பு. கட்டுக்கு அடியில் ஒரு விரல் நுழைய வேண்டும், இறுக்கினால் ரத்தம் ஓடாது என்பாள். புண்ணும் மெல்ல மெல்லச் சுருங்கியது. ஆனால் ஆரம்பத்தில் அடித்த நாற்றம் ஊர்க்காரர்களின் மூக்கை விட்டுப் போகவில்லை. மங்கலம் ஒருமுறை வந்து, கொடுத்த காப்பியைக் குடிக்காமல் எழுந்து போனாள். அருள் என்று சொன்ன வாயே, சாமி குத்தம் என்று சொல்ல ஆரம்பித்தது. அப்புறம் ஒருவரும் வரவில்லை. இரண்டு பேரும் டிவியைப் பார்த்துக்கொண்டும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டும் கிடந்தார்கள்.

இப்போது குளிப்பாட்டுவதற்காகக் கொல்லையில் புடவைகளை மறைப்பாகப் பிடித்து, நடுவில் விருத்தாம்பாள் கிடந்த பெஞ்சைக் கொண்டுபோய் வைத்தார்கள். தண்ணீர்க் குடங்கள் வந்தன. எண்ணெயும் சீயக்காயும் வந்தன. பிறந்த வீட்டுக்காரிதான் முதலில் தலையில் எண்ணெய் வைக்க வேண்டும். மங்கலம் கிணற்றடியிலேயே நின்றாள்.

"அண்ணே, நான் ஒண்ணு சொன்னா கோச்சிக்கக் கூடாது. ஒடம்பு ஒரு மாதிரி ஆயிருக்கும். சும்மா தண்ணிய தெளிச்சி, கோடியப் போட்டு எடுத்துரலாமே."

"ஒரு மாதிரின்னா?"

"அது... அண்ணிக்கு ஆனது சாதாப் புண்ணா? புள்ளகுட்டிக்காரிங்க எப்பிடிண்ணே தொடுவாளுங்க?"

புடவையைப் பிடித்துக்கொண்டிருந்த பெண்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

கொளஞ்சியப்பன் உப்புத்தண்ணி பாட்டிலோடு புடவையை விலக்கிக்கொண்டு உள்ளே போனார். "ஆம்பள உள்ள வரக்கூடாது" என்றாள் இருசம்மாள். அவர் காதில் வாங்காமல் விருத்தாம்பாளின் காலடியில் உட்கார்ந்தார். கட்டின் நுனியைத் தேடி எடுத்துச் சுற்றுச் சுற்றாகப் பிரித்தார். கடைசித் துணி ஒட்டிக்கொண்டிருந்தது. இழுக்கவில்லை. உப்புத்தண்ணியைச் சொட்டச் சொட்ட விட்டு, அது ஊறித் தானாக விடும்வரை காத்திருந்தார். சுற்றி நின்றவர்களும் காத்திருக்க வேண்டியதாயிற்று.

"வா. வந்து மோந்து பாரு."

"அண்ணே..."

"வான்னு சொல்றேன் இல்ல!"

மங்கலம் வந்தாள். விரல் இருந்த இடத்துக்குக் கீழே புளியங்கொட்டை அளவுக்குச் சிவப்பாக ஒரு பள்ளம். ஓரத்தில் புதுத்தோல் வெளுப்பாக ஏறியிருந்தது. சோப்பு வாசனையைத் தவிர வேறு வாசனை இல்லை.

"இன்னும் ஒரு மாசம் இருந்திருந்தா மூடியிருக்கும். சாமியும் இல்ல, குத்தமும் இல்ல. இவ காலு மரத்துப் போயிருந்திச்சி. அன்னிக்குக் கல்லு ஒனக்குச் சுட்ட மாதிரியேதான் இவளுக்கும் சுட்டுது. இவளுக்குத் தெரியல, அவ்ளோதான். டாக்டரு சொன்னாரு. ஒங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னுட்டா."

"எதுக்காம்?"

"நீங்க சிரிப்பீங்களாம்."

மங்கலம் முந்தானையை மூக்கிலிருந்து எடுத்தாள். அண்ணியின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு கிண்ணத்தை எடுத்து, உச்சந்தலையில் எண்ணெய் வைத்து, உள்ளங்கையால் தட்டித் தட்டித் தேய்த்தாள். மற்றவர்களும் ஒவ்வொருத்தியாகக் குனிந்தார்கள். கொளஞ்சியப்பன் எழுந்து சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார். தண்ணீர் விழும் சத்தமும் வளையல் சத்தமும் கேட்டன.

கோடி உடுத்தி முடிந்ததும் இருசம்மாள் கூப்பிட்டாள். "கால் கட்டணுமே பெரியவரே. காலையிலயே கட்டிருக்கணும். பெருவெரலு ரெண்டையும் சேத்துக் கட்டறதுதான் வழக்கம். இதுக்கு ஒரு பக்கம் வெரலு இல்லியே."

காலையில் இருசம்மாள் பிணத்தின் தாடையைக் கட்டினாளே தவிர, கால் பக்கம் போயிருக்கவில்லை. பாதங்கள் பக்கத்துக்கு ஒன்றாகச் சாய்ந்து கிடந்தன.

கொளஞ்சியப்பன் பிரிக்காத காஸ் துணி ஒன்றை எடுத்து வந்து உட்கார்ந்தார். புண்ணைத் துடைத்து ஈரம் எடுத்தார். புதுத்துணியை மடித்து வைத்தார். "புடி" என்றார் யாரையும் பார்க்காமல். மங்கலம் குனிந்து இரண்டு பாதங்களையும் சேர்த்துப் பிடித்தாள். கணுக்காலிலிருந்து விரல் வரைக்கும் அவர் சுற்றிக்கொண்டு வந்தார்.

"நல்லா இறுக்கிக் கட்டுங்க" என்றாள் இருசம்மாள். "தூக்கறப்ப அவுந்துடும்."

அவர் முடிச்சுப் போட்டார். கட்டுக்கு அடியில் ஒரு விரலை விட்டுப் பார்த்தார். நுழையவில்லை. முடிச்சை அவிழ்த்துவிட்டு, கொஞ்சம் தளர்த்தி, மறுபடியும் போட்டார்.