மொரித்தா வீட்டுப் பனி

மொரித்தா சட்டைப் பையிலிருந்து ஒரு பிடி இலவம்பஞ்சை எடுத்து மேசைமேல் பிய்த்துப் போட்டான். அதன்மேல் உப்பைத் தூவினான். பிறகு இரண்டு கைகளாலும் தன் தோள்களைக் கட்டிக்கொண்டு, பல்லைக் கிட்டித்து நடுங்கிக் காட்டினான். "சிஜுக்," என்றான் மலாயில். குளிர். மூவாரின் மத்தியான வெயிலில் அவன் கழுத்திலிருந்து வியர்வை வழிந்துகொண்டிருந்தது. எதிரே உட்கார்ந்திருந்த சதாசிவம் பஞ்சைப் பார்த்தார், உப்பைப் பார்த்தார், நடுங்குகிற ஆளைப் பார்த்தார். மூன்றையும் சேர்த்து மனதுக்குள் ஒரு பனிக்காலத்தை எழுப்ப முயன்றார். தலையணை கிழிந்த வீடுதான் வந்து நின்றது.

சதாசிவம் படுதாவில் சீன் எழுதுகிறவர். மதுரையில் நாடகக் கம்பெனிகளுக்கு தர்பார், நந்தவனம், சிறைச்சாலை என்று படுதா படுதாவாக எழுதித் தள்ளியவர். ஒரு கம்பெனியோடு கப்பலேறி மலாயா வந்து, ஜொகூர் தோட்டங்களைச் சுற்றியபோது காஹாங்கில் புஷ்பவள்ளியைப் பார்த்தார். கம்பெனி ஊர் திரும்பியது. இவர் திரும்பவில்லை. மூவாரில் கேப்ரியலின் போட்டோ ஸ்டூடியோவில் பின்னணிப் படுதா எழுதும் வேலை கிடைத்தது. தான் இருக்கும் இடத்தில் நின்று படம் பிடித்துக்கொள்ள யாருக்குமே ஆசை இல்லை என்பது அங்கே வந்த பிறகுதான் அவருக்கு விளங்கியது. ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டுகிறவர் அரண்மனைத் தூண் கேட்டார். துறைமுகத்தில் கணக்கெழுதும் கிராணி தன் பிறந்த ஊர்க் கோபுரம் கேட்டார். அவரும் சளைக்காமல் எழுதினார். ஆனால் அவர் எழுதிய கோபுரத்துக்குப் பின்னால் மூவாருக்குப் பக்கத்து லேடாங் மலை எழும்பி நிற்கும். மூவார் ஆற்றின் கரையில் வைகை மணல் கிடக்கும். கேப்ரியல் கேலி செய்தால், "ரெண்டையும் பாத்தவன் கை அப்படித்தான் போகும் தம்பி," என்று சிரிப்பார்.

ஜப்பான்காரன் வந்து இரண்டாவது வருடம் அது. மொரித்தா, ஊர்விட்டு ஊர் போகப் பாஸ் எழுதிக் கொடுக்கும் ஆபீசில் இருந்த இளம் சிப்பாய். அம்மாவுக்கு ஒரு போட்டோ அனுப்ப வேண்டும் அவனுக்கு. ஸ்டூடியோவிலிருந்த தென்னந்தோப்புப் படுதா ஆகாது. எந்த நாட்டில் இருக்கிறான் என்று தெரிந்துவிட்டால் படம் தபாலில் போகாதாம். ஆகவே தன் வீட்டையே எழுதித்தரச் சொன்னான். பனி மூடிய வீடு. எழுதிக் கொடுத்தால் காஹாங் போய்வரப் பாஸ் தருவதாகவும் சொன்னான். புஷ்பவள்ளி தலைப்பிரசவத்துக்காக அம்மா வீடு போயிருந்தாள். அவளுக்குக் குளிர்காய்ச்சல், மாதமும் நெருங்கிவிட்டது என்று குளுவாங் லாரி ஓட்டுகிற தங்கராஜு வந்து சொல்லியிருந்தான். அதிலிருந்து சதாசிவத்துக்குச் சோறு இறங்கவில்லை. அந்தக் காலத்தில் சோறும் அதிகம் கிடையாது, மரவள்ளிக்கிழங்குதான். அதுவும் இறங்கவில்லை.

இத்தனை கவலையிலும் அந்தப் பனி அவரை விடவில்லை. மார்கழிப் பனி தெரியும். கூரைமேல் முழ உயரம் குவிந்து கிடக்கும் பனியை அவர் எங்கே கண்டார்? அது விழும்போது சத்தம் கேட்குமா என்றார். மொரித்தா இல்லையென்று தலையாட்டினான். வாசனை உண்டா? அவன் கண்ணை மூடி ஒருமுறை மூச்சை இழுத்துப் பார்த்தான். பிறகு, உண்டு என்றான். என்ன வாசனை என்று சொல்ல மலாய் வார்த்தை அவனுக்கு அகப்படவில்லை.

வெள்ளை வர்ணம் ஊரிலேயே இல்லை. மூடிக்கிடந்த பள்ளிக்கூடத்துச் சாக்கட்டிகளை அரைத்து, மரவள்ளிப் பசையில் குழைத்து, தென்னந்தோப்புப் படுதாவின் முதுகில் பனி எழுதினார். ராத்திரி எலிகள் வந்து பாதிப் பனியை நக்கிவிட்டுப் போயின. மறுபடி எழுதினார். கூரை, மரம், வேலி எல்லாம் வெளுத்தன. படுதாவின் அடிப்பக்கம் தரையில் விரிந்து கிடக்கும், அதையும் வெள்ளையாக்கினார். தள்ளி நின்று பார்த்தபோது அவருக்கே முதுகு லேசாகச் சிலிர்த்தது.

மொரித்தாவும் பார்த்தான். முதலில் முகம் மலர்ந்தது. மரத்தைத் தொட்டுப்பார்த்தான். பிறகு வீட்டுப் பக்கம் வந்தவன் அப்படியே நின்றுவிட்டான். வீட்டின் கதவு அகலத் திறந்து கிடந்தது. உள்ளே இருட்டு.

"துத்துப் பிந்து," என்றான். கதவைச் சாத்து. பனிக்காலத்தில் கதவு இப்படித் திறந்து கிடந்தால், சாத்துவதற்கு வீட்டில் உயிரோடு ஆள் இல்லை என்று அர்த்தம் என்றான். நாளைக் காலையில் வருவேன், கதவு சாத்தியிருந்தால்தான் பாஸ் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

"அலமாக்! இவ்ளோதானே அண்ணே," என்றார் கேப்ரியல். "ரெண்டு பலகை, ஒரு தாப்பா. இழுத்து விட்டுட்டுக் காலையில லாரி ஏறுங்க."

சதாசிவம் தூரிகையைக் கழுவிக்கொண்டே இருந்தார். அவர் கை தானாகத்தான் அந்தக் கதவைத் திறந்து எழுதியிருந்தது. இப்போது அதைச் சாத்த அவருக்கு மனம் வரவில்லை. அவருடைய ஜனங்கள் பிரசவ நேரத்தில் பூட்டிய பெட்டியைக்கூடத் திறந்து வைப்பார்கள். முந்தானை முடிச்சைக்கூட அவிழ்த்து விடுவார்கள். எதுவும் அடைபட்டிருக்கக் கூடாது.

"அங்க புள்ளத்தாச்சி காச்சல்ல கெடக்கா தம்பி. இங்க என் கையால ஒரு கதவச் சாத்தச் சொல்றீங்களா?"

"சாத்தலன்னா அவள போயிப் பாக்கவே முடியாதுல்ல?"

கேப்ரியல் சிலுவை போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனார். சதாசிவம் படுதாவின் முன்னால் உட்கார்ந்தார். சாத்தவும் கூடாது, ஆள் இல்லை என்று தோன்றவும் கூடாது. ஒரு வீட்டுக்குள் ஆள் இருக்கிறது என்று வெளியிலிருந்து எப்படித் தெரியும்? மதுரையில் எப்படித் தெரிந்தது? காஹாங் தோட்டத்து லய வீடுகளில் எப்படித் தெரிந்தது? பொழுது சாய்வதற்குள் கேப்ரியல் வீட்டிலிருந்து கொஞ்சம் மஞ்சள்தூள் வாங்கி வந்தார்.

காலையில் தங்கராஜுவின் லாரி ஸ்டூடியோ வாசலில் வந்து நின்று உறுமியது. சதாசிவம் துணிப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நின்றார். மொரித்தா துவைத்த சட்டையோடு வந்து படுதாவைப் பார்த்தான். கதவு திறந்தேதான் இருந்தது. உள்ளே மஞ்சள்தூளில் ஒரு விளக்கு வெளிச்சம். வாசற்படியில் ஒரு ஜோடி கட்டைச் செருப்பு எழுதியிருந்தது. போர் வந்து தோல் செருப்பு கிடைக்காமல் போனபின் மூவாரில் எல்லோரும் போட்டுக்கொண்டு நடந்த செருப்புதான்.

"யாருடையது?" என்றான் மொரித்தா.

"உங்கள் அம்மாவுடையது. உள்ளே இருக்கிறார்கள்," என்றார் சதாசிவம் தனக்குத் தெரிந்த மலாயில்.

அவன் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, அந்தச் செருப்பை விரலால் சாண் போட்டு அளந்தான். கேப்ரியல் காமிராவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"பெரிது," என்றான் மொரித்தா. "அம்மாவுக்குச் சின்னக் கால்."

எழுந்து, பையிலிருந்து பாஸை எடுத்து, முகத்தைப் பார்க்காமலே சதாசிவத்தின் கையில் வைத்தான். பிறகு ஸ்டூலில் உட்கார்ந்து கால்பட்டியைச் சுற்றிச் சுற்றி அவிழ்த்தான். பூட்ஸைக் கழற்றி, படுதா விரிப்புக்கு வெளியே ஜோடியாக வைத்தான்.

"அண்ணே, பனியில வெறுங்காலோட நிக்கிறான். படத்துல தெரியும்லா, சொல்லுங்க!" என்று கேப்ரியல் கறுப்புத் துணிக்குள்ளிருந்து முணுமுணுத்தார்.

சதாசிவம் சொல்லவில்லை. வெளியே தங்கராஜு ஹாரனை விடாமல் அமுக்கினான். ஓடவேண்டியவர்தான், பாஸ் கையில் கசங்கிக்கொண்டிருந்தது. ஆனாலும் ஒரு காலை வாசலுக்கு வெளியே வைத்தபடி திரும்பிப் பார்த்துக்கொண்டு நின்றார்.

சாக்கட்டி வெண்மையின்மேல் மொரித்தா நிமிர்ந்து நின்றான். நெற்றி வியர்வை மூக்கு நுனிக்கு இறங்கியது. அசையாதே என்று கேப்ரியல் கையைத் தூக்கினார். அப்போது அவன் மெதுவாக ஒரு காலைத் தூக்கி, மற்றக் காலின்மேல் வைத்து அழுத்திக்கொண்டான்.