பொங்காலைக்கு இட்ட சுண்ணாம்பு

ஆற்றுக்கால் பொங்காலைக்கு மறுநாள் காலை கலைச்செல்வி சோதனைக் கொட்டகையைத் திறந்தபோது நாற்றமே இல்லை. இருந்தாக வேண்டிய நாற்றம் அது. நேரே தொட்டிக்கு ஓடினாள்.

தொட்டியில் கிடந்தது நகரத்துச் சாக்கடைச் சகதி. வயலுக்கு நல்ல உரம்தான். ஆனால் முலாம் பட்டறைகளிலிருந்தும் பேட்டரிக் கடைகளிலிருந்தும் வந்த நச்சு உலோகங்களான காட்மியமும் ஈயமும் அதில் ஒட்டிக்கொண்டிருந்தன. கீரை அவற்றை இலைக்குள் இழுத்துக்கொண்டால் எத்தனை அலசினாலும் போகாது. அதனால் கந்தகப் பொடியைக் கலந்து, அடியிலிருந்து காற்று ஊதவிட்டிருந்தாள். சகதியிலேயே வாழும் ஒருவகை நுண்ணுயிர் கந்தகத்தைத் தின்று அமிலமாக்கும். பித்தளைக் களிம்பைப் புளி எடுப்பதுபோல, அந்த அமிலம் உலோகத்தைக் கரைத்துத் தண்ணீருக்கு இழுத்துவிடும். பிறகு தண்ணீரைப் பிழிந்து அகற்ற வேண்டியதுதான். இன்றைக்குத்தான் பிழிவதாக இருந்தது.

தொட்டியில் வெள்ளைத் திட்டுகள். சோதனைத் தாளை நனைத்துப் பார்த்தாள். அமிலப் புளிப்பு போயிருந்தது. கொட்டகை வேலையாளைக் கூப்பிட்டாள்.

“உச்சிமாகாளி, இதுல என்ன போட்டீங்க?”

“சுண்ணாம்புதான் மேடம். கேட்டு வாசல்ல பொம்பளையாளுக வரிசையா அடுப்புக் கூட்டிட்டாங்க. இந்த நாத்தத்துல அம்மனுக்கு எப்படிப் பொங்குவாங்க? ஓடைக்குத் தூவுனதுல மிச்சம் ரெண்டு மூட கெடந்துச்சு, தட்டிட்டேன். ஒருத்தி மூக்கப் பொத்தலியே!”

சுண்ணாம்பு வேண்டியதுதான், ஆனால் பிழிந்தெடுத்த தண்ணீருக்கு. அதில் போட்டால் உலோகம் அடியில் படியும். தனியே அள்ளிப் பூட்டி வைக்கலாம். பிழியும் முன்பே போட்டதால் அமிலம் முறிந்து, கரைந்ததெல்லாம் திரும்பச் சகதியிலேயே படிந்துவிட்டது.

வாசலில் பெட்டி ஆட்டோ வந்து நின்றது. குத்தகை நிலத்தில் கீரை போடும் அம்மிணி இறங்கினாள். முதல் உரம் அவளுக்குத்தான் என்று பேச்சு. ஒரு பிடி அள்ளி முகர்ந்தாள்.

“மோளே, இதுல நாத்தமே இல்லியல்லோ! சாக்கு கொண்டு வந்திட்டுண்டு, வாரிக்கட்டே?”

நாற்றமில்லை, புளிப்புமில்லை. உண்மையில் சுத்தமாகி முடிந்த சகதிகூட இத்தனை அழகாக இராது. தலையாட்டினால் போதும், வீட்டுக்குப் போய்ப் படுத்துவிடலாம்.

“வேண்டாம் சேச்சி. விஷம் இன்னும் உள்ளேதான் இருக்கு.”

“பின்னே என்ற நாத்து? அது காத்து நிக்குமோ?”

“நிக்காது. இந்தத் தடவை சாணி போட்டுக்கிடுங்க.”

“சாணிக்கு வழியுண்டெங்கில் நான் இந்தச் சாக்கடைக்கு வருவேனா?” அம்மிணி கையிலிருந்ததைத் தொட்டிக்குள்ளேயே வீசினாள். “இனி என்னை விளிக்கண்டா, கூப்பிட்டாலும் வரமாட்டேன்.”

ஆட்டோ வெறும் சாக்குகளோடு திரும்பியது. கலைச்செல்வி உச்சிமாகாளி பக்கம் திரும்பினாள்.

“கந்தக மூட்டையப் பிரிங்க.”

“மறுபடியும் நாறுமே, மேடம்.”

“நாறட்டும். அடுத்த பொங்காலைக்கு இன்னும் ஒரு வருசம் கெடக்கு.”